வடையைக் கழுத்தில் கட்டலாமா?

"கழுத்துல கட்ட முடியாத டை எது, சொல்லு பாக்கலாம்?"

கேட்டவன் என் அக்கா மகன், ஏழாம் வகுப்பு. கேட்கப்பட்டவர் என் அம்மா, அவனுக்கு அம்மாயி. கோடை விடுமுறையில் ஒரு மதியம், சாப்பாடு முடிந்து அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"டையா?"

"ஆமா அம்மாயி. ஸ்கூலுக்குக் கட்டிட்டுப் போவேன்ல, அந்த டை."

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தெரியலையே என்றார். பையன் எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, "வ... டை!" என்றான். அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வடையைக் கழுத்துல கட்ட முடியாதுன்னு யாருடா சொன்னா? நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடமாலை சாத்தறாங்களே, பாத்ததில்லையா நீ?"

கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தோம். பையன் மட்டும், "அய்யோ அம்மாயி, அது அந்த டை இல்ல" என்று விளக்க ஆரம்பித்தான். விளக்க ஆரம்பித்தவனுக்கு ஜோக் கைவிட்டுப் போய்விட்டது என்பது உலக வழக்கு.

மொழியியல் படித்தவனுக்கு இந்த அரை நிமிடப் பேச்சு லேசில் தீராது. முதலில் அந்தச் சொல்லையே பார்க்கலாம். கழுத்தில் கட்டும் டைக்கும் வடையின் கடைசி எழுத்துக்கும் ஒலி ஒன்றில்லை. முன்னது வல்லொலி. வடையில் இரண்டு உயிர்களுக்கு நடுவே சிக்கிய டகரம் நாக்கில் மென்மையாகப் புரள்கிறது. தலைமுடிக்குப் பூசுகிறோமே ஒரு டை, அதற்குத்தான் அது நெருக்கம். காதை நம்பியிருந்தால் விடை முட்டை என்றோ கட்டை என்றோ இருந்திருக்க வேண்டும். இரட்டித்த டகரத்தில்தான் அந்த வல்லொலி கிடைக்கும். ஆனால் தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. கழுத்துக்கும் டை, தலைக்கும் டை, வடைக்கும் டை. தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியம் முதலே இருக்கும் விதி. அதனால் தனியாக நிற்கும் 'டை' பார்த்ததுமே வெளியூர்ச் சரக்கு என்று தெரிந்துவிடும். வடை, குடை, சண்டை என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதுவே உள்ளூர்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் யாரும் 'வடை' என்று சொல்வதில்லை. "ரெண்டு வட குடு" என்றுதான் கேட்போம். பேச்சில் கடைசி ஐகாரம் தேய்ந்து அகரமாகிவிடுகிறது. அம்மாவின் வாயில் வந்ததும் வடமாலைதான். ஆக, பையனின் ஜோக் பலிப்பதற்கு மூன்று மொழி வேண்டியிருக்கிறது: ஆங்கிலத்தில் ஒரு சொல், அதை எழுதத் தமிழ் எழுத்து, அதைப் படிக்க எழுத்துத்தமிழ் உச்சரிப்பு. எழுத்துக்கு எழுத்து நிறுத்தி அவன் சொன்னது வேடிக்கைக்காக இல்லை. அப்படிச் சொல்லாவிட்டால் ஜோக்கே கிடையாது. ஏழாம் வகுப்புப் பையன் இதையெல்லாம் யோசித்தா செய்கிறான்? இல்லைதான். இலக்கணம் யோசித்தா நாம் பேசுகிறோம்?

இரண்டு மொழியில் புழங்குகிறவர்கள் அன்றாடம் செய்வதும் ஜோக் சொல்கிறவர்கள் செய்வதும் அடிப்படையில் ஒரே கைவேலை என்று எனக்குப் படுகிறது. எதிரே இருப்பவர் காதில் இப்போது எந்த மொழி ஓடுகிறது என்று கணித்துக்கொண்டே இருப்பதுதான் அந்த வேலை. சாதாரணப் பேச்சில் மொழி மாறும்போது கேட்பவருக்கு அது தெரியாமலே போகவேண்டும். ஜோக்கில் கொஞ்சம் தாமதமாகத் தெரியவேண்டும்.

தெரியாமல் மாற்றுவது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மொழியும் அரைகுறையாகத் தெரிந்தவர்தான் கலந்து பேசுவார் என்று நம்மூரில் படித்தவர்களே நம்புகிறார்கள். நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் ஸ்பானியமும் ஆங்கிலமும் பேசும் புவெர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 20 பேரின் பேச்சை ஆராய்ந்து ஷானா பாப்லாக் 1980-இல் எழுதிய கட்டுரை இதை ஏறத்தாழ தலைகீழாக்கிவிட்டது. ஒரே வாக்கியத்துக்குள் மொழி மாறியவர்கள் பெரும்பாலும் இரண்டிலும் வல்லவர்கள். ஒரு மொழியில் மட்டும் தேர்ந்தவர்கள் வாக்கியத்தின் ஓரத்தில் ஒட்டும் சின்னத் துணுக்குகளோடு நின்றுகொண்டார்கள். இரண்டு மொழியிலும் சொல் வரிசை ஒத்துப்போகும் இடத்தில்தான் மாற்றம் நிகழ்கிறது என்றும் அவர் சொன்னார். ஸ்பானியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மிகக் குறைவு. அங்கே வினை நடுவில், இங்கே கடைசியில். அங்கே வேற்றுமை முன்னால் வரும், இங்கே வாலாகத் தொங்கும்.

தமிழ் பேசுபவர்கள் இதற்குக் கண்ட வழி 'பண்ணு'. ட்ரை பண்ணு, கால் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு. ஆங்கில வினையைப் பெயர் மாதிரி உட்காரவைத்து, காலம், இடம், மரியாதை எல்லாவற்றையும் பண்ணுவின் தலையில் கட்டிவிடுகிறோம். துணைக்கு 'ஆகு' இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்தில் இல்லாத ஒரு நுணுக்கத்தையும் தருகின்றன. தேர்வில் தேறாத மாணவன் "ஃபெயில் ஆயிட்டேன்" என்றால் அது ஒப்புதல் வாக்குமூலம். "ஃபெயில் பண்ணிட்டாங்க" என்றால் குற்றப்பத்திரிகை. அதே ஆங்கிலச் சொல்தான், பழி யார் மேல் என்பதைத் தமிழ் தீர்மானிக்கிறது. இந்த விதியை மீறி ஆங்கில வினைக்கு நேரடியாகத் தமிழ் விகுதி ஒட்டினால் என்ன ஆகும்? "கூகுளித்தேன்", "ட்வீட்டினான்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. படிப்பவருக்கு உதட்டோரம் சிரிப்பு வரும். விதி என்று ஒன்று இருப்பதற்கு அந்தச் சிரிப்புதான் சாட்சி.

இன்னொரு கீல் 'ன்னு'. என்று என்பதன் பேச்சு வடிவம். இதற்கு முன்னால் எந்த மொழியை வைத்தாலும் வாக்கியம் தமிழாகத் திரும்பிவிடும். ஒருமுறை நண்பர் ஒருவருடன் கடன் விஷயமாக ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். மேலாளர் தொடக்கம் முதல் முடிவு வரை தமிழில்தான் பேசினார். "நம்ம கையில ஒண்ணும் இல்லைங்க, மேல கேக்கணும்" என்றார். மாலையில் நண்பர் தன் மனைவியிடம் சொன்னது: "'நோ நோ, நாட் இன் மை ஹேண்ட்ஸ்'னுட்டான்யா அந்த ஆளு." மேலாளர் ஓர் ஆங்கிலச் சொல்கூட அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நண்பர் பொய்யும் சொல்லவில்லை. நாற்காலியின் இறுக்கத்தை, கண்ணாடிக்கு மேலே பார்த்த பார்வையை, ஏசி அறையின் குளிரை எல்லாம் ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். மேற்கோளில் வரும் மொழி, சொன்னவர் உண்மையில் பேசிய மொழியாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. வேஷம் கட்ட அது ஒரு துணி. கதை சொல்லிகள் எல்லோருக்கும் இது தெரியும். ஜோக்கில் வரும் டாக்டரும் இன்ஸ்பெக்டரும் ஆங்கிலம் கலந்து பேசுவதும், அவர்களிடம் மாட்டிக்கொண்டவர் ஊர்த்தமிழில் பதில் சொல்வதும் இந்தத் துணிக்கடையில் வாங்கியவைதான்.

'ஆக்சுவலா' என்று ஒரு சொல் இருக்கிறது. அது எந்த மொழி? ஆங்கில வினையடையின் வாலைக் கொஞ்சம் நறுக்கியதா, அல்லது 'ஆக்சுவல்' என்ற பெயரடையோடு ஜாலியா, ஈஸியா, நீட்டா போல நம்முடைய 'ஆ' சேர்ந்ததா? பேசுகிறவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கும் தீர்ப்புச் சொல்ல மனமில்லை. இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடக்கூடிய இந்த மாதிரிச் சொற்களைப் பற்றி அமெரிக்க மானுடவியலாளர் கேத்ரின் வூலார்ட் 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு அந்த யோசனை பிறந்ததில் ஒரு ஜோக்காரருக்குப் பங்கு உண்டு. அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பெயர் எவுஹேனியோ. பார்சலோனாக்காரர், 1941-இல் பிறந்து 2001-இல் இறந்தவர். கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடி, உயரமான முக்காலி, கையில் சிகரெட், பக்கத்தில் ஒரு கோப்பை. முகத்தில் ஈயாடாது. ஜோக் சொல்லும்போது சிரிக்கவே மாட்டார். முதலில் மனைவி கொன்சீத்தாவோடு இரட்டையராகப் பாடிக்கொண்டிருந்தவர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சொன்ன துணுக்குகள் பாட்டையே ஓரங்கட்டிவிட்டன. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய ஒலிநாடாக்கள் ஊரெங்கும் ஓடின.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பது முக்கியம். சர்வாதிகாரி பிராங்கோ 1975-இல் இறந்தார். அதுவரை கட்டலான் மொழிக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமில்லை, அது வீட்டுக்குள் வாழ்ந்த மொழி. 1979-இல் கட்டலோனியாவுக்குத் தன்னாட்சிச் சாசனம் கிடைத்தது. இனி தெருவில் எந்த மொழி, பள்ளியில் எந்த மொழி என்று ஊரே பதற்றத்தில் இருந்த நேரம். தெற்கிலிருந்து பிழைக்கவந்த பல லட்சம் பேர் காஸ்டிலிய ஸ்பானியம் பேசுபவர்கள். கள ஆய்வுக்காக வூலார்ட் அங்கே போய்ச் சேர்ந்ததும் இந்தச் சமயத்தில்தான். அவர் கண்ட நடைமுறை இது: கட்டலான்காரர்கள் தங்களுக்குள் கட்டலானில் பேசுவார்கள், எதிரே இருப்பவர் காஸ்டிலியக்காரர் என்று தெரிந்ததும் மரியாதைக்கு அவர் மொழிக்கு மாறிவிடுவார்கள். ஆள் மாறினால் மொழி மாறும். ஒரே ஆளிடம் இரண்டையும் குழைத்துப் பேசுவது அங்கே வழக்கமாக இருக்கவில்லை.

எவுஹேனியோ அதைத்தான் செய்தார். ஒரே ஜோக்கில் இரண்டு மொழியும் குழைந்து வந்தன. அவர் ஒவ்வொரு துணுக்கையும் தொடங்கும் வாசகம் ஒன்று உண்டு: "எல் சாபென் அகெல் கெ தியு..." நம் பாணியில் சொன்னால், 'ஒருத்தன் சொன்னானாமே, அது தெரியுமா உங்களுக்கு?' இதில் 'சாபென்' என்ற சொல்லைப் பாருங்கள். அது கட்டலானிலும் இருக்கிறது, காஸ்டிலியத்திலும் இருக்கிறது. எழுத்து ஒன்று, பொருள் ஒன்று, உச்சரிப்பில் நூலளவு வித்தியாசம். அரங்கில் எந்தக் கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தாலும் முதல் மூச்சில் தன் மொழி கேட்டதாக நினைத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சொல்லில் காலை ஊன்றியிருந்தார். மொழிச் சண்டையால் இறுகிக் கிடந்த ஊருக்கு அந்தச் சிரிப்பில் மூச்சுவிட ஓர் இடம் கிடைத்தது என்பது வூலார்டின் வாசிப்பு.

நம்மூர்ச் சிலேடைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. எவுஹேனியோவின் பொதுச்சொல் இரண்டு மொழியிலும் ஒரே பொருள் தருவது, அதனால் சேர்த்துவைக்கிறது. வடையின் டை இரண்டு மொழியில் இரண்டு பொருள் தருவது. அது பிரித்துத்தான் பார்க்கும், யாருக்கு இரண்டும் தெரியும் என்று. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே செய்யுளைப் பொருத்தியதிலிருந்து, கலைமகள் ஆசிரியர் கி.வா.ஜகந்நாதன் மேடையில் போகிறபோக்கில் உதிர்த்தவை வரை, சிலேடை என்பது கேட்பவருக்கு வைக்கும் பரீட்சைதான். நம் காலத்தில் அந்தப் பரீட்சைக்கு ஆங்கிலமும் ஒரு பாடமாகச் சேர்ந்தது. கிரேஸி மோகனின் நாடகப் பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். 'மேரேஜ் மேட் இன் சலூன்' என்ற தலைப்பைக் கேட்டுச் சிரிக்க, திருமணம் சொர்க்கத்தில் நிச்சயிக்கப்படுகிறது என்ற ஆங்கிலப் பழமொழி மூலவடிவில் தெரிந்திருக்க வேண்டும். சென்னை சபாக்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் எத்தனையோ பேர் அந்த அரங்குக்கு வெளியே இருந்தார்கள்.

ஜோக் என்பதே புரிந்துகொள்ளும் பரீட்சை என்று சொன்னவர் ஹார்வி சாக்ஸ். பதின்வயதினர் சிலர் கூடியிருந்த இடத்தில் ஒருவன் சொன்ன ஒரே ஒரு ஜோக்கை எடுத்துக்கொண்டு, அது எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்று 1974-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். முதலில் அனுமதி கேட்பு, பிறகு சொல்வது, பிறகு கேட்டவர்களின் எதிர்வினை. அந்த எதிர்வினையில்தான் வம்பு. உடனே சிரித்தால் புரிந்தவர். மற்றவர்கள் சிரித்தபிறகு சிரித்தால் சந்தேகத்துக்குரியவர். எனவே எல்லோருமே அவசரமாகச் சிரிக்கப் பார்க்கிறார்கள். நம்மூரில் இந்தப் பரீட்சையிலிருந்து தப்பிக்க ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. "ஒரு மொக்க ஜோக் சொல்லட்டா?" என்று தொடங்கிவிட்டால் சிரிக்கவேண்டிய கடமை கேட்பவருக்கு இல்லை. தலையில் அடித்துக்கொண்டால் போதும். அந்த அடியே கைதட்டல்.

மோசமான ஜோக்குக்குத் தமிழில் வந்த பெயர்களைப் பாருங்கள். அறுவை. பிளேடு. கடி. மொக்கை. முதல் மூன்றும் கேட்பவரை அறுக்கின்றன, கடிக்கின்றன. மொக்கை என்றால் முனை மழுங்கியது. இதில் பிளேடு என்பது அறுவையை அப்படியே ஆங்கிலச் சாமானாக மாற்றிக்கொண்டது, அதுவும் ஆங்கிலேயர் யாருக்கும் புரியாத பொருளில். எந்த அகராதிக் குழுவும் கூடி இதைச் செய்யவில்லை.

இருமொழி என்றவுடன் ஆங்கிலத்தை மட்டும் நினைப்பதும் தவறு. தமிழன் பிறந்த வீட்டிலேயே இரண்டு மொழி. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இந்த நிலைமைக்கு அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைட்டியக் கிரியோல் நான்கையும் எடுத்துக்காட்டிப் பெயர் வைத்தார். பின்னால் அந்தக் கோட்பாட்டைத் தமிழில் பொருத்திப் பார்த்தவர்கள் பலர். பத்திரிகைகளில் பல காலமாக வந்த மன்னர் ஜோக்குகள் முழுக்க முழுக்க இந்த விரிசலில் முளைத்தவை. எதிரியைக் கண்டு நடுங்கும் மன்னர், செந்தமிழில் சாக்குச் சொல்லும் மந்திரி. 2006-இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' அந்தத் துணுக்கு உலகத்தை முழுநீளப் படமாக விரித்தது. வடிவேலுவின் வாயில் அரச வசனமும் மதுரைத் தெருவும் ஒரே மூச்சில் வந்தன. ஆங்கிலத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி அரசாணையில் மிதிவண்டிதான், யாரும் சிரிப்பதில்லை. அதே பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, மிதிவண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று வருகிறேன்" என்றால் வீடே சிரிக்கும். தனித்தமிழ்ச் சொற்களைக் கேலி செய்கிறவர்கள் சொல்லில் குறை காண்கிறார்கள். குறை சொல்லில் இருந்தால் அரசாணையிலும் அல்லவா சிரிப்பு வரவேண்டும்? ஊருக்கு ஊர் பேச்சு மாறும்போதும் இதே கதைதான். ஈழத்தமிழர் ஒருவர் "அவர் என்னைப் பேசிப்போட்டார்" என்றால் திட்டிவிட்டார் என்று பொருள். உரையாடுவதற்கு அவர்களுக்குக் 'கதைப்பது' இருக்கிறது. "உங்க அப்பாகிட்ட நல்லாப் பேசிட்டு வந்தேன்" என்று தமிழ்நாட்டுக்காரர் பெருமையாகச் சொன்னால் யாழ்ப்பாணத்து வீட்டில் முகம் மாறக்கூடும்.

சிரிப்பில் ஒரு வகை எனக்கு உவப்பில்லை. ஆங்கிலம் தப்பாகப் பேசுகிறவரைப் பார்த்துச் சிரிப்பது. இதற்கு நம்மிடம் நீண்ட வரலாறு. 1886-இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, மதராஸ் மாகாணத்து வேலையாட்கள் பேசிய பட்லர் இங்கிலீஷுக்குத் தனிப் பதிவே போட்டது. 'ஐ டெல்லிங்' என்றால் சொல்வேன், 'ஐ டன் டெல்' என்றால் சொல்லிவிட்டேன். ஆஸ்திரியாவிலிருந்து ஹூகோ ஷூகார்ட் என்ற அறிஞர் 1891-இல் இதை மொழியியல் பொருளாகவே எடுத்து ஆராய்ந்தார். எனக்கு அந்த 'டன் டெல்'லில் தெளிவாகக் கேட்பது நம்முடைய 'சொல்லியாச்சு'. முடிந்த வினைக்கு ஒரு குறி, முடியாததற்கு ஒரு குறி என்று ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறார்கள். அகராதிக்காரர்கள் இன்னொன்றையும் குறித்துவைத்திருக்கிறார்கள்: எஜமானர்களும் வேலையாட்களிடம் அதே மொழியைத்தான் பேசினார்கள். சாப்பாட்டு மேசையில் துரை அப்படிப் பேசினால் அது நிர்வாகத் திறமை. சமையற்கட்டில் பட்லர் பேசினால் கிளப்பில் சொல்லிச் சிரிக்க ஒரு துணுக்கு.

துரை போய்விட்டார். கிளப்பின் சிரிப்பு நம் சினிமாவுக்கும் வாட்சப்புக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கிராமத்துக்காரர் நேர்காணலில் ஆங்கிலம் தடுமாறுவதை வைத்துச் செய்யப்படும் நகைச்சுவை எனக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. அதில் கைவேலை எதுவும் இல்லை. தடுமாறுகிறவரே மேஜையைத் திருப்பிப்போடும் ஜோக்குகளும் இருக்கின்றன. அவற்றைச் செய்வது கடினம், அதனால் குறைவு.

வடை விவகாரத்துக்கு ஒரு பின்கதை உண்டு. இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது, அம்மா திண்ணையில் பக்கத்து வீட்டம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் கேட்ட கேள்வி அம்மாவின் வாயில் இப்படி ஆகியிருந்தது: "கழுத்துல மாட்ட முடியாத தின்பண்டம் எதுன்னு கேக்கறான்." டை போய்விட்டது. ஆங்கிலமும் கூடவே போய்விட்டது. பேரனின் குரல் மட்டும் அப்படியே இருந்தது, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, "வ... டை!" என்று. அதைச் சொல்லும்போது மட்டும் அம்மா அவன் மாதிரியே முகவாயைத் தூக்கி ஐகாரத்தை முழுசாக உச்சரித்தார். அடுத்த வரியில் பழையபடி வட.

பக்கத்து வீட்டம்மா நன்றாகச் சிரித்தார். பிறகு, "ஆமா, இந்த வருசம் வடமாலைக்கு எவ்வளவு கட்டினீங்க?" என்று கேட்டார்.